சக்கரத்தின் மேல் விழும் பழி

வேகம் கூட்டும்போது கார் நடுங்கினால் ‘வீல் பேலன்சிங்’ செய்துவிட்டால் போதும் என்னும் நம்பிக்கை, நியூசிலாந்தில் ஆக்லாந்தின் எப்சம் பகுதியில் கார் வைத்திருப்போரிடமும் தமிழ்நாட்டில் கார் ஓட்டிப் பழகி அங்கே குடியேறியோரிடமும் ஆழ வேரூன்றியிருக்கிறது. இந்த நம்பிக்கை முற்றிலும் பொய்யாக இருந்திருந்தால் எப்போதோ உதிர்ந்துபோயிருக்கும். பாதி உண்மையாக இருப்பதால்தான் அது நிலைத்திருக்கிறது, பணத்தையும் தின்கிறது.

சக்கரச் சமன்குலைவு என்பது டயரும் ரிம்மும் சேர்ந்த வட்டத்தில் ஒரு பக்கம் சில கிராம் கூடுதலாக இருப்பது. ரிம்மின் விளிம்பில் 20 கிராம் கூடியிருந்தால், மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அது ஏறத்தாழ 32 நியூட்டன் விசையாக, அதாவது மூன்றேகால் கிலோ எடையளவு இழுப்பாகச் சுழன்றுகொண்டே இருக்கும். விசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், 50 கிலோமீட்டரில் அதில் கால்பங்குதான் மிஞ்சும். இந்தக் கணக்கில் எடை, ஆரம், வேகம் என்ற மூன்றும் உண்டு. ஆக்சிலரேட்டருக்கு இடமே இல்லை. கால் பெடலை அழுத்தியிருந்தாலும் எடுத்திருந்தாலும் அதே வேகத்தில் அதே நடுக்கம் இருந்தாக வேண்டும். ஆனால் இத்தகைய நடுக்கம் ஒரு குறிப்பிட்ட வேக எல்லைக்குள் மட்டுமே உறைப்பதால், வேகம் கூட்டி அந்த எல்லையைக் கடக்கும் ஓட்டுநருக்கு ‘ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஆடுகிறது’ என்று தோன்றுகிறது. வேகம் குறைந்து அதே எல்லையை மறுபடி கடக்கையில் வண்டி ஆடுவதை அவர் கவனிப்பதில்லை. நம்பிக்கையின் பிறப்பிடம் இந்தக் கவனக்குறைவே.

பிரித்தறியும் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். எப்சம், 196 மீட்டர் உயரமுள்ள மௌங்காஃபாவ் எனப்படும் மவுண்ட் ஈடனுக்கும், 182 மீட்டர் உயரமுள்ள மௌங்காகியேகியே எனப்படும் ஒன் ட்ரீ ஹில்லுக்கும் இடையில் கிடப்பதால், அங்கே ஏற்றத்துக்குப் பஞ்சமில்லை. ஏற்றத்தில் நடுங்கும் வேகத்தை எட்டியதும், பாதுகாப்பான இடத்தில், பெடலிலிருந்து காலை எடுக்க வேண்டும். நடுக்கம் அக்கணமே நின்றால் கோளாறு வேகத்தில் இல்லை, சுமையில் இருக்கிறது. அதாவது எஞ்சினின் திருப்புவிசை சக்கரத்தைச் சென்றடையும் வழியில் எங்கோ இருக்கிறது. கழற்றிய சக்கரத்தைச் சுமையின்றிச் சுழற்றி ‘சுழி, சுழி’ என்று காட்டும் பேலன்சிங் எந்திரம் அந்த வழியை ஒருபோதும் பார்த்ததில்லை. (சக்கர நட்டுகள் தளர்ந்திருக்கின்றனவா என்பதை மட்டும் இந்தச் சோதனைக்கும் முன்பே பார்த்துவிடுவது அறிவுடைமை.)

முன்சக்கர இயக்கக் காரில் அந்த வழியின் முக்கியக் கண்ணி ஆக்ஸில் தண்டின் உள்முனையிலுள்ள சி.வி. ஜாயிண்ட். பல கார்களில் இது ஒரு குழிந்த கிண்ணத்தின் மூன்று வாய்க்கால்களில் மூன்று உருளைகள் ஓடும் அமைப்பு. எஞ்சின் இழுக்கும்போது உருளைகள் ஒரே பக்கச் சுவரில் அழுந்துகின்றன. பல ஆண்டு தேய்மானத்தில் அந்தச் சுவர் குழிவிழுந்துவிட்டால், தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று முறை காரைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. சமன்குலைந்த சக்கரமோ சுற்றுக்கு ஒரு முறைதான் உதைக்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் சாதாரணச் சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ ஒன்பது முறை சுற்றுவதால், முன்னது நொடிக்கு சுமார் 26 அதிர்வு, பின்னது ஒன்பது. பழகிய இருக்கை இந்த வேறுபாட்டை உணரும். திரும்பும்போது ‘டக் டக்’ என்று ஒலிப்பது வெளிமுனை ஜாயிண்ட். உள்முனை அப்படி ஒலி எழுப்பாமலே தேய்வதால்தான் அதன் மேல் சந்தேகம் விழுவதில்லை. 1983இல் மாருதி 800 வருவதற்கு முன், பின்சக்கர இயக்க அம்பாசடரில் உருவான தமிழ்நாட்டுப் பணிமனை அறிவில் இந்த ஜாயிண்டுக்கு இடம் இல்லாதிருந்ததும் வியப்பில்லை.

அடுத்த சந்தேகம் மிஸ்ஃபயர், அதாவது ஒரு சிலிண்டரில் எரிபொருள் தீப்பற்றாமல் போவது. சுமை கூடும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறுவதால் பிளக்கின் இடைவெளியைத் தாண்டத் தீப்பொறிக்குக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படுகிறது. நலிந்த இக்னிஷன் காயில், கார் நிற்கும்போது ஒழுங்காகவும் ஏற்றத்தில் தடுமாறியும் நடந்துகொள்வது இதனால்தான். ஸ்கேனரில் பிழைக்குறியீடு (‘கோடு’) பி0301 என்று வந்தால் முதல் சிலிண்டர் என்று பொருள். ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில் உள்ள எஞ்சினில், அதன் காயிலை மூன்றாவதில் மாற்றிப் பொருத்தியபின் எண் பி0303 ஆகிவிட்டால் குற்றவாளி அகப்பட்டான். எண் மாறாவிட்டால் பிளக்கையும் இன்ஜெக்டரையும் பார்க்க வேண்டும். எஞ்சின் விளக்கு மின்னி மின்னி எரிந்தால், எரியாத பெட்ரோல் புகைக்குழாயின் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக் கெடுக்கிறது என்று பொருள். அப்போது பேலன்சிங் கடைக்கு ஓட்டிப் போவதே தவறு. நியூசிலாந்தில் ஓடும் கார்களில் பெரும்பங்கு ஜப்பானில் ஓடிமுடித்து வந்தவை. அவற்றில் பழையவை சில பொது ஸ்கேனருக்குப் பதில் சொல்லாததால், ‘கோடு எதுவும் இல்லை, ஆகவே சக்கரம்தான்’ என்று முடிவுகட்டுவதும் அங்கே நடக்கக்கூடியதே. அக்கார்களில் பலவற்றில் உள்ள சி.வி.டி. கியர்பெட்டி, இரு கூம்புக் கப்பிகளுக்கிடையே எஃகுப் பட்டையால் இயங்குவது. எண்ணெய் பழசானாலோ தவறான வகை ஊற்றப்பட்டாலோ அதுவும் மெல்ல நகரும்போது உதறும்.

இவ்வளவுக்கும் எதிராக நீட்டப்படும் சான்று ‘வாஃப்’, அதாவது வாரண்ட் ஆஃப் ஃபிட்னஸ் எனப்படும் கட்டாயத் தகுதிச் சோதனை. 1937இல் தொடங்கிய அந்தச் சோதனை டயர், பிரேக், ஸ்டியரிங், விளக்கு, உடற்கட்டு ஆகியவற்றின் பாதுகாப்பைப் பார்க்கிறது. எஞ்சினும் கிளச்சும் கியர்பெட்டியும் அதன் வரம்புக்கு வெளியே என்பது அந்நாட்டுப் போக்குவரத்து நிறுவனமே சொல்வது. கண்ணாடியில் ஒட்டிய வாஃப் சீட்டு, நடுங்கும் காரில் சக்கரத்தைத் தவிர வேறு எதுவும் பழுதில்லை என்பதற்குச் சான்றாகாது. மூன்று முறை பேலன்ஸ் செய்யப்பட்ட ரிம்மில் ஒட்டியிருக்கும் எடைத்துண்டுகள் அதனினும் ஆகா.