பெயரை நம்பாதீர்கள், இலக்கத்தைப் பாருங்கள்

கடந்த மாதம் திருகோணமலையில், உட்துறைமுக வீதிக்கு அண்மையிலுள்ள எனது எழுத்தறையில் நடந்ததை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். நடந்தது சிரிப்புக்குரியதுதான். ஆனால் விடயம் அவ்வாறன்று.

பாவித்த கணினி ஒன்றைக் கடையொன்றில் வாங்கி மூன்று மாதங்களாக அதில் எழுதிவந்தேன். சகோதரியின் மகன் வந்தபோது அதனை ஒருமுறை பரிசோதிக்கச் சொன்னேன். கணக்குகளின் பட்டியலைத் திரையில் கொண்டுவந்தான். எனது பெயருக்கு மேலாக 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று ஒன்றும் 'அட்மின்' என்று ஒன்றும் இருந்தன. நான் ஒருபோதும் உருவாக்காத அந்த 'அட்மினிஸ்ட்ரேட்டர்' யாரோ ஊடுருவியவன் என முடிவுசெய்து, "அதை உடனே அழித்துவிடு. மற்றது கணினியோடு வந்ததாக இருக்கும், இருக்கட்டும்" என்றேன்.

"மாமா, நீங்கள் அழிக்கச் சொல்லுறது விண்டோஸின்ர சொந்தக் கணக்கு. இருக்கட்டும் எண்டு சொல்லுறதுதான் வெளியாள்" என்றான் அவன்.

விண்டோஸ் ஒவ்வொரு கணக்கிற்கும் எஸ்-1-5-21 எனத் தொடங்கும் நீண்ட இலக்கத் தொடர் ஒன்றை வழங்குகிறது. அதன் இறுதிப் பகுதியைத்தான் நாம் பார்க்கவேண்டும். கணினியோடு பிறந்த நிர்வாகி கணக்கு எப்போதும் 500 இல் முடியும். விருந்தினர் கணக்கு 501 இல் முடியும். மனிதர் பின்னர் உருவாக்கும் கணக்குகள் 1000 முதல் மேலே செல்லும். எனது கணினியில் 'அட்மின்' 1001, நான் 1002. எனக்கு முன்னரே ஒருவர் முழு அதிகாரத்துடன் அங்கு குடியேறியிருந்தார். கடையில் பரிசோதனைக்காக உருவாக்கி நீக்க மறந்ததாகவே இருக்கலாம். ஆயினும் அதன் கடவுச்சொல்லை அறிந்த எவரும் எனது குறிப்புகள் அனைத்தையும் வாசித்திருக்க முடியும்.

எங்கள் கொட்பே துறையிலுள்ள படகுகளை நினைத்துப் பாருங்கள். படகின் பெயரைச் சொந்தக்காரர் விரும்பியபடி மாற்றி எழுதலாம். அவரை அடையாளம் காட்டுவது பதிவிலக்கமே. கணக்கும் அப்படித்தான். 500 ஆம் இலக்கத்தானுக்கு 'ராஜா' என்று பெயர் சூட்டலாம். 1005 ஆம் இலக்கத்தான் 'அட்மின்' என்ற பெயரில் உலாவலாம்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம்? பிறவி நிர்வாகியை அழிக்க முடியாது. முடக்கிவைக்கலாம், பெயர் மாற்றலாம், அவ்வளவுதான். வழமையான அமைப்பில், நாம் உருவாக்கிய நிர்வாகி ஒரு மாற்றத்தைச் செய்யும்போது கணினி அனுமதி கேட்கும்; பிறவி நிர்வாகியிடம் கேட்காது. எக்ஸ்பி காலத்தில் அக்கணக்கு பல வீட்டுக் கணினிகளில் கடவுச்சொல் இன்றியே மறைந்திருந்தது. 2007 இல் வெளியான விஸ்டா முதல்தான் அது வழமையாக முடக்கப்பட்டு வருகிறது. கடவுச்சொல்லை எத்தனை முறை பிழையாக ஊகித்தாலும் பூட்டப்படாத கணக்காகவே அது நெடுங்காலம் இருந்தது. அதனையும் பூட்டும் வழியை மைக்ரோசொப்ட் வழங்கியது 2022 ஒக்டோபரில்தான்.

இது வீட்டுக் கணினிக்கு மட்டும் உரிய பிரச்சினையன்று. தமிழகத்தின் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வலையமைப்பில் 2019 இல் தீநிரல் ஒன்று புகுந்தது. ஒக்டோபர் 29 ஆம் திகதி நிலையத் தரப்பு தாக்குதலை மறுத்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம் ஒரு கணினியில் தீநிரல் இருந்ததை ஒப்புக்கொண்டது. உலையைக் கட்டுப்படுத்தும் அமைப்புகள் தனித்தவை, பாதிப்பில்லை என்றும் கூறியது. அத்தீநிரலை ஆராய்ந்தவர்கள், நிலையத்தின் சுருக்கப் பெயருடன் 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்ற கணக்குப் பெயரும் அதற்குள் எழுதப்பட்டிருந்ததைச் சுட்டிக்காட்டினர். எல்லோரும் அறிந்த பெயரைத்தான் திருடனும் முதலில் தேடுகிறான்.

திருகோணமலையில் இருந்து எழுதும் எனக்கு இது வெறும் தொழில்நுட்பம் அன்று. 2006 ஜனவரி 2 ஆம் திகதி இந்நகரின் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டனர். அவர்களின் உடல்களைப் படம்பிடித்து உண்மையை வெளிக்கொணர்ந்த ஊடகவியலாளர் சுகிர்தராஜன், அதே மாதம் 24 ஆம் திகதி சுட்டுக்கொல்லப்பட்டார். செய்தியாளனின் கணினியில் இருப்பவை அவனுடைய சொத்து மட்டுமல்ல. அவனை நம்பிப் பேசியவர்களின் பெயர்களும் அங்கேயே இருக்கின்றன. எனது மூன்று மாத அலட்சியத்திற்கு விலை கொடுக்க நேர்ந்திருந்தால், அதைக் கொடுத்திருப்பவன் நானாக இருந்திருக்க மாட்டேன்.

ஆகவே எனது கருத்து இதுதான். சிறு அலுவலகமோ, பாடசாலையோ, பத்திரிகையோ, ஒரே நிர்வாகி கணக்கை எல்லோரும் பகிரும் வழக்கத்தைக் கைவிடவேண்டும். பத்துப் பேர் ஒரே பெயரில் நுழைந்தால், கோப்பை அழித்தது யார் என்ற கேள்விக்குப் பதிலே இராது. பிறவி நிர்வாகி முடங்கியே இருக்கட்டும். அன்றாட வேலைக்குச் சாதாரணக் கணக்கும், தேவைக்கு மட்டும் தனியொரு நிர்வாகி கணக்கும் போதும். பவர்ஷெல் சாளரத்தில் கணக்குகளை இலக்கத்துடன் பட்டியலிடச் சில நிமிடங்களே ஆகும். உங்களுக்குத் தெரியாவிட்டால் வீட்டிலுள்ள பிள்ளைகளைக் கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை, ஐம்பதைத் தாண்டிய நானும் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

1001 ஆம் இலக்கத்தானை அன்றே அகற்றிவிட்டோம். கணினியில் இருந்த குறிப்புகளைப் பிரதிசெய்து, விண்டோஸையும் புதிதாக நிறுவினோம். ஆனால் அந்த மூன்று மாதங்களில் அவன் எதையேனும் வாசித்தானா என்பதை அறிய எனக்கு வழியில்லை. அந்தக் குறிப்புகளில் இருந்த நால்வரை நேரில் சந்தித்து நடந்ததைச் சொல்லியிருக்கிறேன். அவர்களுக்கு நான் செய்யவேண்டிய கடமை அது.