கையும் பிழைக்க வேண்டும்!

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசி வீடுகளில் விருந்தாளிகளுக்குக் குறைவில்லை. எல்லோரும் அருவிக்குக் கிளம்புவார்கள். மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்ட பெண் மட்டும் வீட்டிலேயே இருந்துவிடுவாள். தலை பின்னவும் கொடியில் துணி போடவும் அவளுக்குக் கை எழாது. "உயிர் பிழைத்ததே போதும்" என்று வாய் திறக்க மாட்டாள்.

இது தவறு. கையும் பிழைக்க வேண்டும்!

அக்குளில் சிறு சிறு நிணநீர் முடிச்சுகள் இருக்கின்றன. கையில் ஊறும் நிணநீர் அவற்றின் வழியாகத்தான் வடிகிறது. நோய் பரவியிருந்தால் டாக்டர்கள் அவற்றை எடுத்துவிடுவது உண்டு. அப்போது, வாய்க்கால் அடைபட்ட வயலைப்போல நீர் தேங்கிக் கை வீங்கலாம். எல்லோருக்கும் வருவதில்லை. ஆனால் சில ஆண்டுகள் கழித்தும் வரலாம். வலிக்குப் பயந்து கையை அசைக்காமல் வைத்திருந்தால் தோளும் இறுகிவிடும்.

என்ன செய்வது?

டாக்டர் சொல்லும் நாளிலிருந்து பயிற்சி செய்ய வேண்டும். சுவரில் விரல்களை வைத்து மெல்ல மெல்ல மேலே ஏற்றுவது எளிய பயிற்சி. அரிவாள்மனை வெட்டும் அடுப்புச் சூடும் கையில் படக் கூடாது. வீங்கிய கையை அழுத்தித் தேய்க்கக் கூடாது. அருவியில் நிற்கலாமா என்பதையும் டாக்டரிடம் கேட்க வேண்டும். கை சிவந்து காய்ச்சல் வந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தம் சகோதரியைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவர் முயற்சியால் 1954-ல் அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரி பிறந்தது. உயிரைக் காப்பது டாக்டர்கள் கடமை. வீடு திரும்பியவளின் கையைக் காப்பது குடும்பத்தின் கடமை.

தண்ணீர்க் குடத்தைக் கணவன் தூக்கட்டும். பயிற்சியைப் பிள்ளைகள் நினைவூட்டட்டும். அடுத்த சாரலில் அவளும் குற்றாலத்துக்கு வரட்டும்!