ஊருக்கு ஒரு மழைமானி வந்தால் போதுமா?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 50 செ.மீ. மழை பதிவானது. ஒரு ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஏறத்தாழ 4,000 லிட்டர் தண்ணீர். அந்தக் கணக்கில் ஏக்கருக்கு 20 லட்சம் லிட்டர் கொட்டியிருக்கிறது. சரி, பெருமுக்கல் பக்கம் உங்கள் வயலில் எவ்வளவு பெய்தது? பெரும்பாலோரிடம் பதில் இருக்காது. மழை ஊருக்கு ஊர் மாறும். மழைமானியோ எங்கோ ஓரிடத்தில் இருக்கும்.

இது பணம் சம்பந்தப்பட்ட விஷயம். வானிலை அடிப்படையிலான பயிர்க் காப்பீட்டில், குறிப்பிட்ட நிலையத்தில் பதிவாகும் அளவுதான் இழப்பீட்டைத் தீர்மானிக்கிறது. அதனால்தான் மத்திய அரசு 2023 ஜூலையில் 'விண்ட்ஸ்' திட்டத்தைத் தொடங்கியது. வட்டாரத்துக்கு ஒரு தானியங்கி வானிலை நிலையம், ஊராட்சிக்கு ஒரு தானியங்கி மழைமானி என்பது இதன் இலக்கு. நல்ல திட்டம். ஆனால் கருவி வந்த பிறகு அதைப் பார்த்துக்கொள்வது யார்?

வெளிநாடுகளில் இதற்கு வேறொரு வழியை முயல்கிறார்கள். ஆளுக்கொரு கருவியை வாங்கித் தம் வீட்டில் வைப்பார்கள். ஊதியமாக டிஜிட்டல் டோக்கன் கிடைக்கும். 2019இல் அமெரிக்காவில் இப்படித் தொடங்கிய ஹீலியம் என்ற தகவல் தொடர்பு வலையமைப்பில், மூன்றே ஆண்டுகளில் பல லட்சம் கருவிகள் சேர்ந்தன. ஆனால் அதைப் பயன்படுத்தியவர்கள் கட்டிய கட்டணம் மிகச் சொற்பம். டோக்கன் விலை சரிந்ததும் கருவி வைத்தவர்களின் வருமானமும் சரிந்தது. கருவிகள் பெருகுவதால் மட்டும் பயன் வந்துவிடாது.

நம் ஏரிகளும் இப்படிப் பரவலாக அமைந்த வலையமைப்புதான். மேல் ஏரியின் கலங்கலில் வழியும் நீர் கீழ் ஏரிக்குப் போகும். மதகைப் பார்க்க நீர்க்கட்டி இருந்தார். தூர்வாரக் குடிமராமத்து இருந்தது. ஊர் கவனித்தவரை ஏரி நிலைத்தது. கவனிப்பு நின்றதும் வரத்துக்கால் தூர்ந்தது.

மழைமானிக்கும் இதே கதிதான். தானியங்கி மழைமானியின் உள்ளே ஒரு சிறு கிண்ணம் நிறைந்து நிறைந்து கவிழும். அந்த எண்ணிக்கையே மழை அளவாகிறது. புனலில் இலையோ பூச்சிக் கூடோ அடைத்துக்கொண்டால், வயல் மூழ்கினாலும் கருவி குறைவாகவே காட்டும். நஷ்டம் உங்களுக்கு.

எனவே மூன்று காரியங்களைச் செய்யுங்கள். ஒன்று, உங்கள் ஊராட்சியில் மழைமானி எங்கே இருக்கிறது என்று கேட்டறியுங்கள். மரமோ கட்டடமோ இருந்தால், அதன் உயரத்தைப்போல் இரு மடங்கு தூரம் தள்ளியாவது மானி இருக்க வேண்டும். இரண்டு, அதைச் சுத்தம் செய்யும் பொறுப்பை ஒருவருக்குக் கொடுத்து, அன்றன்றைய அளவை ஊராட்சிப் பலகையில் எழுதச் சொல்லி கிராம சபையில் கேளுங்கள். மூன்று, நான்கைந்து விவசாயிகள் சேர்ந்து சாதாரண மழைமானி ஒன்று வாங்கி, தினமும் காலை 8.30 மணிக்கு அளவைப் பார்த்து நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டை வைத்துக் காப்பீடு கோர முடியாது. ஆனால் கருவி தவறாகக் காட்டுகிறது என்று வேளாண் அலுவலரிடம் சொல்ல, உங்கள் கையில் வேறு கணக்கு இருக்காது.

விரிவாக்கப் பணியாளர்கள் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே இதைத் தொடங்கிவைக்கலாம்.