615 கோடிக்குக் கைதட்டினோம், பட்டாசு ஃபார்முலாவுக்கு யார் தட்டுவா?

எஸ்ஐபி, டேக்ஸ்னு பேசுற இடத்துல இன்னைக்கு அறிவியல் ஏன்னு கேட்பீங்க. காரணம் இருக்கு. உங்க சம்பளத்துல பிடிக்கிற டிடிஎஸ்ல ஒரு பகுதி ஆராய்ச்சிக்குப் போகுது. எந்த ஆராய்ச்சிக்கு மக்கள் ஆதரவு கிடைக்கும்னு முடிவு பண்றதுல இப்போ உங்க மொபைல் ஸ்க்ரீனுக்கும் பங்கு இருக்கு. அது நேர்மையான முடிவா எனக்குத் தெரியல.

2023 ஆகஸ்ட் 23, மாலை 6.04. சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது இஸ்ரோவின் யூடியூப் நேரலையை ஒரே நேரத்துல 80 லட்சம் பேர் பார்த்தாங்க. கூடவே ஒரு மீமும் சுத்துச்சு: செலவு சுமார் 615 கோடி ரூபாய், ஒரு ஹாலிவுட் படத்தோட பட்ஜெட்டை விடக் கம்மி! 140 கோடி பேருக்கு வகுத்தா தலைக்கு நாலரை ரூபாய்கூட வராது. பெருமையான விஷயம்தான். ஆனா ஆடிட்டர் கண்ணுக்கு அந்த மீம் உறுத்துது. கம்மியா செலவு பண்றதே சாதனைன்னு ஆயிட்டா, கூடுதலா கொடுங்கன்னு யார் கேட்பா? 2020-21 கணக்குப்படி நாம ஆராய்ச்சிக்குச் செலவழிச்சது ஜிடிபியில் 0.64 சதவீதம். சீனா 2 சதவீதத்துக்கு மேல, தென் கொரியா 4 சதவீதத்துக்கு மேல. இந்தக் கணக்கு எந்த ஃபேமிலி குரூப்புக்கும் வந்த மாதிரி தெரியல.

இப்போ நம்ம ஊருக்கு வருவோம். 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம், இனி மாசு குறைவான பசுமைப் பட்டாசு மட்டும்தான்னு சொல்லிடுச்சு. பேரியம் உப்பு கூடாது, சரவெடி கூடாது, ஆன்லைன் விற்பனையும் கூடாது. சிக்கல் என்னன்னா, நம்ம ஆலைகள்ல அப்போ பசுமைப் பட்டாசு தயாரிப்பே கிடையாது. அடுத்த மாசமே சிவகாசி வட்டாரத்துல ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகளை மூடிட்டாங்க. பல மாசம் திறக்கல. வாரச் சம்பளத்தை நம்பி, சீட்டும் நகைக்கடனும் கட்டிட்டிருந்த குடும்பங்களுக்கு அது என்ன காலம்னு சாத்தூர், வெம்பக்கோட்டை பக்கம் இருக்கிறவங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

வழி கிடைச்சது ஒரு ஆய்வகத்துல இருந்து. நாக்பூரில் இருக்கிற நீரி, சிஎஸ்ஐஆரோட ஒரு அரசு நிறுவனம். அலுமினியத்தைக் குறைச்சு, வெடிக்கும்போது வர்ற நீராவியே தூசியை அமுக்குற மாதிரி புதுக் கலவைகளை உருவாக்கினாங்க. துகள் மாசு சுமார் 30 சதவீதம் குறையும். (புகையே வராதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.) சிவகாசியிலேயே மூலப்பொருள் பரிசோதனைக் கூடமும் வந்துச்சு. 2025 தீபாவளிக்கு டெல்லியில் சில நாள் மட்டும் பட்டாசு விற்க உச்ச நீதிமன்றம் அனுமதிச்சதே, அதுவும் பசுமைப் பட்டாசுக்குத்தான். அந்த ஃபார்முலா இல்லைன்னா கோர்ட்டில் கேட்கிறதுக்கே ஒண்ணும் இருந்திருக்காது.

இதை யார் நேரலை பண்ணுவா? கவுன்ட்டவுன் கிடையாது, தரையிறக்கம் கிடையாது. தீபாவளி வந்தா ஒரு பக்கம் டெல்லி புகை மூட்டம் ரீல்ஸ், இன்னொரு பக்கம் ‘பட்டாசு எங்க உரிமை’ ரீல்ஸ். பேரியத்துக்கு நல்ல மாற்று கண்டுபிடிக்க அந்த லேபுக்கு இன்னும் எவ்வளவு பணம் வேணும்னு கேட்கிற ஒரு வீடியோ என் ஃபீடுல வந்ததில்லை.

சோஷியல் மீடியாவே வேஸ்ட்னு நான் சொல்ல வரல. ஜேஆர்எஃப் வாங்குற ஆராய்ச்சி மாணவர்களுக்கு 2019 ஜனவரியில் இருந்து மாசம் 31,000 ரூபாய்தான். நாலு வருஷம் இன்கிரிமென்ட் இல்லாம நீங்க வேலை பார்ப்பீங்களா? அவங்க ட்விட்டர்லயும் தெருவுலயும் விடாம கேட்டாங்க. 2023-ல் அது 37,000 ஆச்சு. நல்லாருக்குன்னு கைதட்டுறது வேற, இவ்வளவு வேணும்னு தொகையைச் சொல்லிக் கேட்கிறது வேற.

நம்மாலயும் கொடுக்க முடியுமான்னா, முடியும். வருமான வரிச் சட்டத்துல, பிசினஸ் வருமானம் இல்லாதவங்க அங்கீகரிக்கப்பட்ட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு நன்கொடை கொடுத்தா முழுத் தொகைக்கும் கழிவு உண்டு. ரொக்கமா 2,000 ரூபாய்க்கு மேல கொடுத்தா கிடையாது. ஆனா இது பழைய வரி முறைக்கு மட்டும்தான். புது முறையில் பூஜ்யம். இங்கேதான் எனக்குக் கோபம். 2023-ல் சட்டம் போட்டு ஆரம்பிச்ச தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு அஞ்சு வருஷத்துல 50,000 கோடின்னு இலக்கு. அதுல சுமார் 36,000 கோடி அரசுக்கு வெளியே இருந்து வரணுமாம். வெளியே இருந்து வரணும்னா, சம்பளக்காரன் கொடுக்கிறதுக்கு இருந்த சலுகையை எதுக்கு மூடினீங்க?

அடுத்த பட்ஜெட் அன்னைக்கு ஸ்லாப் பார்த்து முடிச்சதும், செலவினப் பட்ஜெட்ல அறிவியல் மற்றும் தொழில் ஆராய்ச்சித் துறைன்னு ஒரு பக்கம் இருக்கும், திறந்து பாருங்க. சிஎஸ்ஐஆருக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்காங்க, முந்தின வருஷத்தை விடக் கூடியிருக்கா, விலைவாசி ஏறின அளவுக்காவது ஏறியிருக்கான்னு கணக்குப் போட்டு, அந்தப் பக்கத்தையும் ஸ்டேட்டஸ்ல வைங்க.