வால் ஆடுகிறது என்று கேட்ட தம்பிக்கு



மாதிரி விமானங்களைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதத் தொடங்கியதிலிருந்து வந்த கேள்விகளில் ஒன்றுக்கே இந்த மாதம் இடம் போதாது போலிருக்கிறது. சனிக்கிழமை வேலைக்குப் போய்ச் சேர்த்த காசில் ஒரு தம்பி பழைய எக்ஸ்ட்ரா 300 மாதிரி ஒன்று வாங்கியிருக்கிறார். இறக்கை முனைக்கு முனை ஒன்றரை மீற்றர், பற்றரியில் ஓடும் மோட்டார், எடை ஏறக்குறைய இரண்டு கிலோ. நேராகப் பறக்கும்போதும் வால் இடமும் வலமுமாக அலைகிறதாம். நைஃப் எட்ஜ் என்பார்களே, ஒரு இறக்கை வானத்தையும் மற்றது தரையையும் காட்டப் பக்கவாட்டாகப் பறப்பது, அதில் ஒரு பக்கம் மூக்கு நிற்கிறது, மறுபக்கம் சரிகிறது. "பெரிய சர்வோ வாங்கிப் போடட்டுமா அக்கா?" என்று கேட்கிறார். இதற்கு மேல் ஒரு சதமும் தரமாட்டேன் என்று அப்பா சொல்லிவிட்டாராம்.

தம்பி, இப்போதைக்கு ஒன்றும் வாங்க வேண்டாம். இருப்பதைச் சரியாகப் பூட்டினாலே பெரும்பாலும் குணமாகிவிடும்.

சுக்கான் என்ற சொல் உங்களுக்குப் புதிதல்ல, யாக்கோபு நிருபத்தில் கப்பலுக்கு வருகிற அதே சுக்கான்தான். விமானத்தின் வாலில் நிமிர்ந்து நிற்கும் பலகை அது. உங்கள் விமானத்தில் சர்வோ உடலின் நடுப்பகுதியில் இருக்கிறது. அதன் கையின் இரு முனைகளிலிருந்தும் இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் வால்வரை போய், சுக்கானின் இரு பக்கத்து ஹார்ன்களில் பூட்டப்பட்டிருக்கின்றன. இதைப் புல்-புல் என்கிறார்கள். சிறிய நிஜ விமானங்கள் பலவற்றிலும் காலால் மிதிக்கும் பெடலிலிருந்து சுக்கானுக்கு இப்படித்தான் கம்பி போகிறது.

நம் உடலைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அதனால்தான் கையை மடக்க ஒரு தசையும் நீட்ட இன்னொன்றும் இருக்கின்றன. கண்ணை இடம் வலம் திருப்புவதும் இப்படி ஒரு சோடிதான். ஒன்று சுருங்கும்போது மற்றது அதே அளவு விட்டுக்கொடுக்க வேண்டும். கூட விட்டால் தளர்வு, குறைய விட்டால் இறுக்கம். உங்கள் வாலில் இருக்கும் நோய் முழுவதும் இதற்குள் அடங்கும்.

வேலை தொடங்குமுன் ப்ரொப்பெல்லரைக் கழற்றி வையுங்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பற்றரியைச் செருகிய பிறகு ஸ்டிக்கில் சட்டை பட்டால் போதும், மோட்டார் சுழன்றுவிடும். விரல் பட்டதும் நின்றுவிடும் இயந்திரமும் அல்ல அது, தடைபட்டால் இன்னும் பலமாகச் சுழலப் பார்க்கும். விரலின் தசைநாண் அறுந்தால் தைத்த பிறகும் மாதக்கணக்கில் பிசியோவுக்குப் போக வேண்டும். பிறகும் விரல் முன்போல முழுவதும் மடங்காமல் போகலாம். பியானோ வாசிக்கிற பிள்ளைகள் நம் வாலிபர் குழுவில் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இனி கம்பிகளைச் சுக்கானிலிருந்து கழற்றுங்கள். சுக்கானைக் கையால் ஆட்டிப் பாருங்கள். கீல்கள் தடையில்லாமல் அசைய வேண்டும், கடகடவென்று ஆடவும் கூடாது. ட்ரான்ஸ்மிட்டரைப் போட்டு, ட்ரிம், சப்-ட்ரிம் எல்லாவற்றையும் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். இப்போது சர்வோவின் கை விமான உடலின் நடுக்கோட்டுக்குச் செங்குத்தாக நிற்கிறதா? பல்லுக்குப் பல் சரியாக அமையாவிட்டால் கையைக் கழற்றி அரைவட்டம் திருப்பிப் போட்டுப் பாருங்கள், பல நேரம் அதிலேயே சரியாகிவிடும். மிச்சமிருக்கும் சிறு கோணலுக்கு மட்டும் சப்-ட்ரிம்.

அடுத்ததுதான் பலர் பார்க்காமல் விடும் இடம். சர்வோக் கையில் கம்பி பிடிக்கும் இரு துளைகளும் நடு ஸ்குரூவும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். அதேபோல வாலில் ஹார்ன் துளைகள் சரியாகக் கீலின் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும். துளைகள் கீலுக்குப் பின்னால் தள்ளி இருந்தால், சுக்கான் திரும்பத் திரும்ப இழுக்காத பக்கத்துக் கம்பி தொய்யும். கீலுக்கு முன்னால் இருந்தால் இரண்டு கம்பியும் இறுகிச் சர்வோவை நெரிக்கும். கம்பியை எவ்வளவு முறுக்கினாலும் இது மாறாது, ஹார்னைக் கழற்றி இடம் மாற்றிப் பூட்டத்தான் வேண்டும். பழைய விமானம் என்கிறீர்கள், முன்பு வைத்திருந்தவர் ஹார்னை ஒரு தடவை மாற்றி ஒட்டியிருக்கவும் கூடும். அங்கே முதலில் பாருங்கள். கையும் ஹார்னும் ஒரே நீளமாக இருக்க வேண்டும் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அப்படி அவசியமில்லை, நேர்கோடுதான் முக்கியம். ஹார்ன் சற்று நீளமாக இருந்தால் சர்வோவின் பலம் கூடும், சுக்கானின் வீச்சு குறையும், அவ்வளவுதான்.

சுக்கானை நடுவில் நிறுத்தி, இரு பக்கமும் ஐஸ்கிரீம் குச்சி வைத்து ரேப்பால் கட்டிவிடுங்கள். பிறகு கம்பிகளைப் பூட்டி, முனையில் இருக்கும் கிளெவிஸை இந்தப் பக்கம் அரைச்சுற்று, அந்தப் பக்கம் அரைச்சுற்று என்று மாறி மாறித் திருப்புங்கள். ஒரே பக்கத்தை இறுக்கிக்கொண்டு போனால் நடு தவறிவிடும். எவ்வளவு இறுக்கம்? தொய்வு போனதும் நிறுத்துங்கள். கிட்டார் நரம்பு மாதிரி ஒலிக்கத் தேவையில்லை, அப்படி இறுக்கினால் சர்வோவின் அச்சும் பேரிங்கும் ஓய்வில்லாமல் சுமை தாங்கும்.

குச்சிகளை எடுத்துவிட்டுக் காதை வைத்துக் கேளுங்கள். ஸ்டிக் நடுவில் இருக்கும்போது சர்வோ ஓயாமல் முனகினால் ஏதோ ஒன்று அதனுடன் இழுபறிப்படுகிறது. முழு இடம், முழு வலம் போய் அங்கேயும் கேளுங்கள். இந்த முனகலைச் சின்ன விஷயமாக எடுக்காதீர்கள். நெரிபடும் சர்வோ மின்சாரத்தை அள்ளிக் குடிக்கும். அதனால் ரிசீவருக்குப் போகும் மின்னழுத்தம் விழுந்தால் ரிசீவர் ஒரு கணம் அணைந்து திரும்ப எழும்பும். அந்தக் கணத்தில் சுக்கான் மட்டுமல்ல, எதுவுமே உங்கள் சொல் கேட்காது. இரண்டு கிலோ எடை வேகமாகக் கீழே வரும்போது கீழே யார் நிற்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது.

வீச்சுக்கு ஒரு கடதாசிக் கோணமானி போதும். சாதாரண சாகசத்துக்கு இரு பக்கமும் 25 முதல் 30 பாகை. இரண்டு பக்கமும் சமமா என்பதுதான் கேள்வி, உங்கள் நைஃப் எட்ஜ் ஒரு பக்கம் சரிவது இங்கே பிடிபடலாம். வீச்சு கூடிப்போனால் ட்ரான்ஸ்மிட்டரில் வெட்டாமல் கம்பியைச் சர்வோக் கையின் உள் துளைகளுக்கு மாற்றுங்கள். சர்வோவின் முழு அசைவும் பயன்படும், பலமும் கூடும். கடைசியாக விமானத்தின் பின்னால் நின்று, வலது ஸ்டிக்குக்குச் சுக்கான் வலது பக்கம் போகிறதா என்று பாருங்கள். வார்டில் சில மருந்துகளை இரண்டு தாதியர் பார்த்துத்தான் கொடுப்போம். அதுபோல இதையும் தங்கையையோ நண்பனையோ கூப்பிட்டு வாயால் சொல்லச் சொல்லிப் பாருங்கள். கம்பிகள் உடலுக்குள் குறுக்கே மாறிப் போகும் விமானங்களில் திசை தலைகீழாவது சகஜம்.

சமநிலைக்கு இப்போது வரலாம், முன்னர் அல்ல. ஏனென்றால் வாலில் ஒரு கிராம் மாறினாலும் கணக்கு மாறும். பெரிய சர்வோவை வாலிலேயே வைத்தால் நல்லது என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். 30 கிராம் சர்வோ, ஈர்ப்பு மையத்திலிருந்து 70 செ.மீ. பின்னால்: 30 பெருக்கல் 70, ஆக 2100. மூக்கு 30 செ.மீ. முன்னால் என்றால் அதை ஈடுகட்ட 70 கிராம் ஈயம் வேண்டும். அல்லது 350 கிராம் பற்றரியை 6 செ.மீ. முன்னுக்குத் தள்ள வேண்டும், அதற்கு இடமிருந்தால். அதனால்தான் உங்கள் விமானத்தைச் செய்தவர்கள் சர்வோவை நடுவில் வைத்துக் கம்பி இழுத்தார்கள்.

பறக்கும் பற்றரியை உள்ளே வைத்து, கையேட்டில் சொன்ன அளவை இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அளந்து ரேப் ஒட்டி, இரு பக்கமும் விரல் நுனியில் தூக்குங்கள். மட்டமாக, அல்லது மூக்கு இம்மியளவு தாழ்ந்து நிற்க வேண்டும். வால் தாழ்ந்தால் பறக்க வேண்டாம். பின்பாரம் கூடினால் எலிவேட்டர் தொட்டாற்சிணுங்கியாகிவிடும், வாலும் நேராக நிற்க மாட்டேன் என்று அலையும். ஆகவே உங்கள் விமானத்தில் தளர்வும் பின்பாரமும் இரண்டுமே இருக்கலாம். மூக்கையும் வாலையும் மட்டும் பிடித்துத் தூக்கி, எந்த இறக்கை தாழ்கிறது என்றும் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் ஒரே இறக்கை தாழ்ந்தால் மற்ற முனையில் சில கிராம் ஒட்டினால் போதும்.

வானத்தில் சோதிப்பதற்கு, நல்ல உயரத்தில் 45 பாகை மேல்நோக்கி ஏற்றி, தலைகீழாகப் புரட்டி, எலிவேட்டரைக் கையாளாமல் விடுங்கள். மூக்கு வேகமாகத் தரைப்பக்கம் வளைந்தால் முன்பாரம். வானத்துப் பக்கம் ஏறினால் பின்பாரம். கோடு போட்டதுபோலப் போய் மெல்லத் தாழ்ந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். ஒரு தடவைக்கு பற்றரியை அரை செ.மீ. மட்டும் நகர்த்துங்கள்.

பிரிட்டனில் 250 கிராமுக்கு மேல் உள்ள மாதிரி விமானத்தில் ஒபரேட்டர் ஐடி ஒட்டியிருக்க வேண்டும், பறப்பவருக்குத் தனியாக ஃப்ளையர் ஐடி வேண்டும். கிளப்புகளில் ஞாயிறு காலைதான் கூட்டம். நாம் ஆராதனை முடிந்து போய்ச் சேரும்போது காற்று எழும்பிவிடும் என்பது வேறு கதை. கோடையில் பின்னேரம் ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள், காற்றும் படுத்திருக்கும், சொல்லித்தர மூத்தவர்களும் இருப்பார்கள்.

முதல் நாலைந்து பறப்புக்குப் பிறகு புதிய கம்பி சற்று நீளும், அப்போது இரு பக்கமும் அரைச்சுற்று இறுக்க வேண்டிவரும். பழைய கம்பியானால் கிளெவிஸுக்குப் பக்கத்தில் ஒரு இழை அறுந்து முள்போல நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று விரலால் தடவாமல் பஞ்சால் தடவிப் பாருங்கள். பஞ்சு மாட்டினால் கம்பியை மாற்றுங்கள். அந்தச் செலவுக்கு அப்பாவிடம் நான் கதைக்கிறேன்.

அடுத்த இதழில் லிப்போ பற்றரியை வீட்டில் எங்கே வைத்து சார்ஜ் செய்வது என்று பார்ப்போம்.