சராசரி நோயாளி என்றொருவர் இல்லை

பல வகுப்பறைகளில் தொற்றுநோய்க் கணிதம் 1927இல் கெர்மாக்கும் மெக்கெண்ட்ரிக்கும் எழுதிய சமன்பாடுகளில் தொடங்கி, அவற்றிலேயே முடிந்துவிடுகிறது. குடுவைக்குள் அலையும் வாயு மூலக்கூறுகளைப் போல எவரும் எவரையும் சமவாய்ப்புடன் சந்திக்கின்றனர் என்பது அவற்றின் எளிய வடிவத்தின் எடுகோள். முதற்பாடமாக அதில் குறையில்லை. அதிலிருந்து பெற்ற 'ஆர்' என்னும் ஒற்றைச் சராசரியைக் கொண்டு ஒரு நாட்டையே அளக்க முற்படும்போதுதான் என் வழக்கு தொடங்குகிறது.

2020இல் தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் கோவிட் நோயாளிகள் 84,965 பேரோடு தொடர்புகொண்ட 5,75,071 பேரைப் பற்றிய தரவு 'சயன்ஸ்' இதழில் ஆய்வாக வெளிவந்தது. தொற்றுற்றோரில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினரிடமிருந்து அவர்தம் தொடர்பாளர் எவருக்கும் நோய் பரவியதாகத் தெரியவில்லை. வெறும் 8 விழுக்காட்டினரோ புதிய தொற்றுகளில் 60 விழுக்காட்டுக்குக் காரணமாயினர். 'ஒருவர் ஒன்றரைப் பேருக்குப் பரப்புகிறார்' என்னும் கூற்றில் வரும் அந்த ஒருவரை இத்தரவில் எங்கே தேடுவது?

இது வெறும் கணக்குப் பூசல் அன்று. ஒரு நோயாளி இனி யாருக்குப் பரப்புவார் என்று தேடுவதைவிட, அவருக்கு எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கித் தேடுவது பெருந்திரள்களைக் காட்டிக்கொடுக்கும். பலருக்குப் பரப்பியவரிடமிருந்தே அவரும் பெற்றிருக்கும் வாய்ப்பு மிகுதி. ஜப்பான் 2020இன் தொடக்கத்தில் அவ்வாறே செய்தது. தடுப்பூசிக்கும் இது பொருந்தும். யாரேனும் ஒருவரிடம் அவருக்குத் தெரிந்த ஒருவரின் பெயரைக் கேட்டு, பெயர் சொல்லப்பட்டவருக்கு ஊசி போடுங்கள் என்றனர் கோஹென், ஹாவ்லின், பென்-அவ்ரஹாம் ஆகியோர் 2003இல். தொடர்பு மிகுந்தோரே அடிக்கடி பெயர் சொல்லப்படுவர். வலைப்பின்னல் முழுவதையும் வரைய வேண்டியதில்லை.

'சூப்பர் ஸ்ப்ரெடர்' என்று கோயம்பேட்டு வியாபாரிகளைச் சுட்டியவர்கள் இதே பாடத்தைத் தலைகீழாகப் படித்தவர்கள். நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கானோரைச் சந்திக்கும் கணுவில் அவர்களை நிறுத்தியது சந்தையின் அமைப்பு. அவ்விடத்தில் நம் துறைத்தலைவரை நிறுத்தினாலும் அதுவே நடந்திருக்கும்.

'இந்தியாவில் தரவு ஏது?' என்பது வழக்கமான மறுமொழி. இருக்கிறது, பூட்டியிருக்கிறது. இரண்டாம் அலை உச்சம் நோக்கி ஏறிய 2021 ஏப்ரலில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தரவைத் திறக்கக் கோரி 300க்கும் மேற்பட்ட அறிவியலாளர்கள் பிரதமருக்கே எழுத நேர்ந்தது. பெயரும் முகவரியும் நீக்கிய தொடர்பு விவரங்களை ஆய்வாளர்களுக்குத் தாருங்கள். அதுவரை நம் மாணவர்கள் 34 பேர் கொண்ட அமெரிக்கக் கராத்தே சங்கமொன்றின் வலைப்பின்னலில்தான் இந்தியாவின் கொள்ளைநோயைப் பரப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.