காணியோடு மண்ணின் நிலையையும் கேட்போம்

2009 இல் போர் முடிந்தபின், மிதிவெடி அகற்றப்பட்ட பின்னரே மன்னார்ப் பெருநிலப்பரப்பின் பல கிராமங்களுக்கு மக்கள் திரும்பினார்கள். வெடியைப் பற்றிக் கேட்கப் பழகிய நாம், மண்ணில் ஊறிய எண்ணெயைப் பற்றிக் கேட்பதில்லை. முகாம் இருந்த காணியில் வாகனம் திருத்திய இடம், எரிபொருள் பீப்பாய் அடுக்கிய இடம், மின்பிறப்பாக்கி நின்ற இடம் இருக்கும். அங்கே பெற்றோல், டீசல், உதிரிப்பாகம் கழுவும் கரைப்பான்கள் சிந்தியிருக்கலாம். மன்னார்த் தீவிலோ மணலுக்குள் ஆழமின்றி நிற்கும் நன்னீரே கிணற்று நீர். மேலே சிந்தியது கீழே இறங்க அதிக காலம் எடுக்காது.

சுன்னாகம் எமக்கு ஒரு பாடம். மின்நிலையத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்தில் அறிக்கைகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. உயர் நீதிமன்றம் 2019 இல் 2 கோடி ரூபா நட்டஈடு வழங்கக் கட்டளையிடும்வரை மக்கள் அலைந்தார்கள். ஆகவே சோதனை நடந்தால் மட்டும் போதாது, சரியாக நடக்கவேண்டும்.

பசளைக்கு மண் சோதிக்கும் முறை நாம் அறிந்ததே: பல இடத்து மண்ணைக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரித்து, பையில் கொடுப்போம். கரைப்பானுக்கு இம்முறை உதவாது. அது ஆவியாகும் பொருள். உலர்த்தினாலும் கிளறினாலும் பறந்துவிடும். பொலித்தீன் பையிலும் தங்காது. பிறகு “ஒன்றுமில்லை” என்று வரும் அறிக்கைக்குப் பெறுமதியில்லை.

எனவே மேல்மண்ணை விலக்கி, உள்மண்ணை உடனே எடுக்கவேண்டும். ஆய்வுகூடம் தரும் கண்ணாடிப் போத்தலில் இடைவெளியின்றி நிரப்பி, இறுக மூடவேண்டும். ஐஸ் பெட்டியில் சுமார் 4 பாகை செல்சியஸில் வைத்து, 48 மணி நேரத்துக்குள் சேர்ப்பிக்கவேண்டும். அதற்கு மேல் பிந்துமானால், ஆய்வுகூடத்தார் மெதனோல் அளந்து ஊற்றித் தரும் போத்தலில் எடுக்கவேண்டும். பெயரைப் பென்சிலால் எழுதுங்கள். மார்க்கர் பேனையிலும் கரைப்பான் உண்டு. மணந்து பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம்.

இச்செலவைத் திரும்பிவரும் குடும்பத்தின் தலையில் சுமத்துவது நியாயமல்ல. காணியைப் பாவித்தவர்களே ஏற்கவேண்டும். மாதிரி எடுக்கும்போது காணிக்காரரும் கிராம அலுவலரும் உடனிருந்து, இடம், ஆழம், நேரம் எழுதிக் கையொப்பமிடவேண்டும்.

சோதனையைச் சாட்டாக வைத்துக் காணியைத் தடுத்துவைக்கவும் நாம் இடங்கொடுக்கலாகாது. சந்தேகமான மூலைகளைச் சோதிக்கட்டும். மற்ற நிலத்தில் இந்தப் போகமே விதைப்போம். ஆனால் அந்த மூலைகளின் அறிக்கை கைக்கு வரும்வரை, அங்கே கிணறு வெட்டாதிருப்போம்.